மூத்தவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. சின்னவனுக்கு வராமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம்?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் யுகேஜி.

போன மாதம் மகளின் வகுப்பு டீச்சர் போன் செய்து, "போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள், ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்" என்றார். காட்டினோம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், நாள் முழுக்க கம்ப்யூட்டர், கண்ணாடி போடுபவர். நானும் பத்தாவது படிக்கும்போதிருந்து கண்ணாடிதான். அதனால் மகளுக்கு வந்தது பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் எட்டு வயதிலேயே என்பதுதான் மனதை அறுக்கிறது.

இப்போது கவலை சின்னவனைப் பற்றி. ஐந்து வயது. சாப்பிட உட்கார்ந்தால் போன் வேண்டும், இல்லையென்றால் வாய் திறக்க மாட்டான்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தை தினமும் பொன்னாங்கண்ணியும் கேரட் ஜூஸும் கொடுக்கச் சொல்கிறார், இரவில் கண்ணில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். நாத்தனார், "எந்நேரமும் கண்ணாடி போட்டால் பவர் ஏறும், வீட்டில் கழற்றி வை" என்கிறார். பக்கத்துத் தெருவில் யோகா சொல்லித் தருபவர், கண் பயிற்சி செய்தால் கண்ணாடியே தேவைப்படாது என்கிறார். கண்ணாடிக் கடையில் ப்ளூ லைட் தடுக்கும் கண்ணாடியைப் பையனுக்கும் வாங்கிப் போடச் சொன்னார்கள்.

இதில் எது உண்மையிலேயே பலன் தரும்? செலவில்லாமல், தினமும் வீட்டில் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

சகோதரி, உங்கள் அத்தை சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் அப்பத்தா எண்பது வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தார். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் கீரைதான். பொன்னாங்கண்ணியைப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்து, நெய் விட்டுக் கொடுங்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வையுங்கள், சூடு குறையும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. போனைப் பிடுங்கி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

வைப்பாறு எழுதியது:

நொய்யல்கரை தாயி, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்தும், இன்றும் விடாமல் படிப்பதிலிருந்தும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைனஸ், அதாவது கிட்டப்பார்வை, என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகள் பாதி தானே தீர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 23, 24 வரும். சில பிள்ளைகளுக்கு வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கண் இன்னும் நீண்டுகொண்டே போகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் இரண்டரை பவர் மைனஸில் வந்துவிடும். உங்கள் மகளுக்கு மைனஸ் ஒன்றரை என்றால், கண்ணாடி இல்லாமல் இரண்டடி சொச்சம் தூரம்வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் கலங்கல். பக்கத்துப் பிள்ளையின் நோட்டு தெரிகிறது, போர்டு தெரியவில்லை என்பதன் காரணம் இதுதான்.

நீண்ட கண் திரும்பச் சுருங்காது. அதனால் கண்ணை உருட்டும் பயிற்சியோ, கேரட்டோ, வேறெதுவோ வந்த பவரை எடுக்காது. யோகா சொல்லித் தருபவரிடம் மற்ற ஆசனங்களைக் கற்றுக்கொள்ளட்டும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். நாத்தனார் சொல்வதையும் கேட்க வேண்டாம். கண்ணாடி போட்டதால் பவர் ஏறுவதில்லை. பிள்ளை வளர்கிறது, கண்ணும் கூடவே நீள்கிறது, அதனால் ஏறுகிறது. மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. சரியான பவர் போட்ட பிள்ளைகளைவிடக் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகமாக ஏறியிருந்தது. மகள் காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் போடட்டும், தூங்கப் போகும்போது கழற்றட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் பாருங்கள். வேகமாக ஏறினால், அதை மெதுவாக்க மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும், அதற்கென்றே செய்த தனி வகைக் கண்ணாடிகளும் இப்போது இருக்கின்றன. மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

சின்னவனுக்கு வருவோம். கண்ணாடி வராமல் தடுக்க, அல்லது தள்ளிப்போட, தினசரிப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. அது தட்டில் இல்லை, வாசலில் இருக்கிறது. பகல் வெளிச்சம். வீட்டுக்குள் டியூப்லைட் போட்டால் முந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வந்தாலே நல்ல வெளிச்சம் என்போம். வேப்பமர நிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், மொட்டை வெயிலில் ஒரு லட்சம் தொடும். நம் கண் இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பப் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. அவ்வளவு வெளிச்சம் விழும்போது விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண்ணின் நீள வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். மாத்திரை இல்லை, மருந்து இல்லை. தைவானில் 2010-லிருந்து தினமும் 120 நிமிடம் வெளியே விடுங்கள் என்று பள்ளிகளிடம் அரசே சொல்கிறது. அதுவரை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது. எனவே என் பதில்: தினமும் இரண்டு மணி நேரம் பகலில் வெளியே. முடியாத நாளில் ஒன்றரை, அதுவும் முடியாவிட்டால் ஒன்று. ஓட வேண்டும் என்றுகூட இல்லை. உள்விளையாட்டரங்கில் ஷட்டில் ஆடினால் உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு இந்தக் கணக்கில் சேராது. மரத்தடியில் சும்மா உட்கார்ந்து கதை பேசினால் சேரும். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளைப் போல ஏற்கெனவே மைனஸ் வந்த பிள்ளைக்கு வெளியே விளையாடுவது எவ்வளவு உதவும் என்பதில் முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. வராத பிள்ளைக்குத்தான் முழுப் பலன். அதற்காக அவளை வீட்டில் வைக்காதீர்கள், இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்கள்.

கீரைக்கு வருகிறேன். கரிசல்மண் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் புள்ளி உள்ள பிள்ளைகளைப் பார்ப்பேன். பிட்டாட் புள்ளி என்போம். வைட்டமின் ஏ இல்லாமல் வருவது. அந்தி சாய்ந்தால் தடுமாறும் மாலைக்கண்ணும் அதே குறைதான். கவனிக்காமல் விட்டால் கருவிழி கரைந்து கண்ணே போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்குக் கீரை, பப்பாளி, பரங்கிக்காய், முட்டை மஞ்சள் கரு எல்லாம் உயிர் மருந்து. இந்தியாவில் 1970-லிருந்தே வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒன்பது தவணை. உங்கள் பையனுக்கு எல்லாத் தவணையும் போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையில் பாருங்கள். கீரை அந்தக் குறையைத் தடுக்கும், கண் நீள்வதைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு நோய். எனவே பொன்னாங்கண்ணி கொடுங்கள், முருங்கைக்கீரையும் கொடுங்கள், துளி நெய்யோ எண்ணெயோ சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும் என்பதால் தம்பி சொன்ன நெய் சரியானதே. கேரட்டை ஜூஸாக்கி வடிகட்டிக் கொடுப்பதைவிடப் பொரியலாகக் கொடுப்பது மேல்.

அப்பத்தா எண்பதில் ஊசி கோத்ததற்கும் ஒரு காரணம் இருக்கலாம். கண்புரையில் ஒருவகை, லென்ஸின் நடுப்பகுதி இறுகி வருவது, கண்ணை மைனஸ் பக்கம் தள்ளும். நாற்பது வயதிலிருந்து படிக்கக் கண்ணாடி போட்டவர்கள் எழுபதில் அதைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதே ஆளைத் தெருமுனையில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னால் தெரியாது. கிராமத்தில் பெரியவர் யாருக்காவது இப்படி இருந்தால் ஒருமுறை கண் முகாமுக்குக் கூட்டிப் போய்விடுங்கள், தம்பி.

விளக்கெண்ணெய்க்கு மட்டும் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். எண்ணெய், தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, எதுவுமே கண்ணுக்குள் போகக் கூடாது. கண்ணுக்குள் விடும் மருந்து கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். அடுப்படி பாட்டிலில் இருக்கும் எண்ணெய் அப்படியானதல்ல. கதிர் அறுக்கும்போது தாள் பட்டுக் கண் சிவந்து, அதில் பச்சிலைச் சாற்றைப் பிழிந்து, கருவிழியில் புண்ணாகி, ஆறியபின் வெள்ளையாகப் பூ விழுந்து, ஒரு கண் பார்வையோடு நின்றுபோனவர்களை ஊருக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். அத்தைக்கு மனம் நோகாமல், எண்ணெயைத் தலைக்கும் பாதத்துக்கும் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அத்தையிடம் உங்கள் பதிலைப் படித்தே காட்டினேன். பூ விழுந்த கண் என்றதும் அவரே, "எங்கள் சின்னமாவுக்கு அப்படித்தான்" என்று அமைதியாகிவிட்டார்.

சில சந்தேகங்கள். காலை எட்டே காலுக்கு வேன், திரும்பி வர நாலரை. ஐந்து மணிக்கு மகளுக்கு டியூஷன். நாங்கள் இருப்பது லைன் வீடு, முன்னால் ரோடு, சாயப்பட்டறை லாரிகள் போகும். பூங்கா கிட்டத்தில் இல்லை. சித்திரை, வைகாசியில் வெளியே விட்டால் கருகிப் போவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

இன்னொன்று, பையன் வெயில் காலம் வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். போன வருடம் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினோம், இரண்டு நாளில் கேட்டது. இந்த வருடமும் அதையே வாங்கி விடுகிறோம். பரவாயில்லையா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பட்டுக்கோட்டை. வைப்பாறு அம்மா சொன்ன விஷயம் இங்கே எங்கள் வாழ்க்கையாகவே இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் கண்ணாடி இல்லாத பள்ளிப் பிள்ளையைத் தேட வேண்டும். 2001-லேயே கிட்டப்பார்வையைத் தடுக்கத் தேசியத் திட்டம் தொடங்கிய நாடு இது. பள்ளியிலேயே கண் பரிசோதனை செய்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

என் மகளின் கண் மருத்துவர் சொன்ன ஒரு ஒப்பீடு என்னை மாற்றியது. பிறகு நானே தேடிப் படித்தேன். 2008-ல் வந்தது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறேழு வயது. இரண்டு பக்கமும் ஒரே இனம், பெற்றோரின் கண்ணாடிக் கணக்கும் பெரிதாக மாறவில்லை. சிட்னியில் 3.3 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிங்கப்பூரில் 29.1. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தார்களா என்றால் இல்லை, வாரத்துக்குக் கூடுதலாகவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான். அங்கே வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வெளியே, இங்கே மூன்று மணி நேரம்.

அதனால் "பெற்றோருக்கு இருக்கிறது, பிள்ளைக்கு வந்தே தீரும்" என்று விட்டுவிடாதீர்கள், அக்கா. வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதற்குமேல் நம் கையில் இருப்பதும் நிறைய. நாங்கள் டியூஷன் ஒன்றை நிறுத்திவிட்டு, பள்ளி விட்டதும் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டிடத்தில் விட்டுவிடுகிறோம். பிளாக்கின் கீழ்த்தளக் கூரைக்கடியில் இல்லை, அதற்கு வெளியே. மனைவி கையில் டிபன் டப்பாவோடு போவார். பசித்தால் அங்கேயே ஊட்டல். போன் இல்லாமல் சாப்பிடவும் அங்கேதான் பழகினாள். உங்கள் பையனுக்கும் அது ஒத்துவரும் என்று நினைக்கிறேன், வேடிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

ப்ளூ லைட் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2023-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தது. திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வு அந்தக் கண்ணாடியால் குறைந்ததாகத் தெரியவில்லை.

பாலாற்றுமணல் எழுதியது:

நான் வேலூர்ப் பக்கம் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எல்லோரும் கிட்டப்பார்வையையே பேசுகிறீர்கள். என் வகுப்பில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். நன்றாக எழுதுவான், போர்டு தெரியும், எந்தக் குறையும் சொன்னதில்லை. பள்ளிக்குக் கண் பார்க்க வந்தவர்கள் இடக்கண்ணை மூடிப் படிக்கச் சொன்னதும், அவனுக்கு முதல் பெரிய எழுத்தே தெரியவில்லை. வலக்கண்ணில் பவர் அதிகம். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறது. சோம்பேறிக் கண் என்றார்கள். ஒரு கண் நன்றாக இருந்ததால் வீட்டிலும் தெரியவில்லை, எனக்கும் தெரிய வழியில்லை. கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடச் சொன்னார்கள். அவன் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். அதனால் வகுப்பில் நான் ஒட்டிவிடுவேன், மதிய உணவு மணிக்கு எடுத்துவிடுவேன். மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் இருக்க, ஆளுக்கொரு நாள் ஒட்டுவதற்கு உதவி செய்ய விட்டேன். இப்போது அந்தக் கண்ணில் கீழ் வரிகள்வரை வந்துவிட்டான். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால்தான் நல்ல பலன், தாண்டத் தாண்டக் கடினம் என்று சொன்னார்கள்.

எந்தப் பழக்கத்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. அதனால் நொய்யல்கரை, மகனுக்கு இப்போது எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை முழுதாகப் பரிசோதித்துவிடுங்கள்.

வைப்பாறு எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஒட்டுப் போடச் சொல்வது எளிது, ஒட்ட வைப்பதுதான் பாடு. அதைப் பள்ளியிலேயே செய்துவிட்டீர்கள்.

தாயி, பையனை இந்த விடுமுறைக்குள் காட்டுங்கள். மகளுக்குச் செய்ததுபோல் மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் கண் வழக்கமாகக் கொஞ்சம் பிளஸ்ஸில் இருக்கும். அது கண்ணின் கையிருப்பு. வளர வளரச் செலவாகிப் பூஜ்யத்துக்கு வரும். ஆறு வயதிலேயே பிளஸ் முக்காலுக்குக் கீழே போயிருந்தால் பிற்பாடு மைனஸில் விழ வாய்ப்பு கூடுதல். அட்டையை முழுதாகப் படித்துவிட்டான், போய் வாருங்கள் என்றால் அத்தோடு எழுந்துவிடாதீர்கள். "மருந்து விட்டபின் எவ்வளவு பிளஸ் இருக்கிறது?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெளியே விடுவதில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று: தினம் கிழிக்கும் காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்கு எதிர்ச்சுவரில் நிற்க வைத்து, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடித் தேதிக்குக் கீழே இருக்கும் சின்ன எண்களைக் கேளுங்கள். பிறகு மறு கண். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் பதில் வேறுபட்டால், அல்லது ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை முரண்டு பிடித்துக் கையைத் தட்டிவிட்டால், உடனே காட்டுங்கள். போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும் அப்படியே, அந்த வாரமே.

இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது என்றீர்கள். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, துண்டு துண்டாகச் சேர்ந்தால் போதும். லைன் வீடு என்றால் மொட்டைமாடி இருக்குமே. வேன் வருவதற்கு முன் காலைச் சாப்பாட்டை மாடியில் கொடுங்கள், அது இருபது, முப்பது நிமிடம். பள்ளி இடைவேளையில் வகுப்புக்குள் உட்காராமல் வெளியே போகச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டை மரத்தடியில் சாப்பிட விடுவார்களா என்று டீச்சரிடம் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். டியூஷனை ஆறேகாலுக்குத் தள்ள முடியுமா பாருங்கள், இருட்டிய பின் படித்தால் ஒன்றும் குறையாது. நாலரையிலிருந்து ஆறுவரை பொன்னான நேரம், அதை எந்த வகுப்புக்கும் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின். நிழல் இருந்தாலே போதும், தொப்பி போட்டாலும் குறைவில்லை. நொய்யல் ஓரத்தில் தூசியும் புகையும் இருக்கும் என்பது தெரியும். மாடி அதற்கும் பரவாயில்லை, கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் தூரத்துக்கு ஒரு அளவு சொல்கிறேன். முழங்கையை மேசையில் ஊன்றி, மடக்கிய விரல் முட்டியைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரத்துக்குக் குறையாமல் புத்தகம் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தன் கையே அளவுகோல். குப்புறப் படுத்துப் படிக்கும்போதும், போனை மடியில் வைத்துக் குனியும்போதும் அது பாதியாகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியாகத் தெருக்கோடியைப் பார்த்துவிட்டு வரட்டும். போனைவிட டிவி மேல், பத்தடி தள்ளி இருப்பதால். அவன் பார்த்தே ஆக வேண்டிய பாட்டை டிவியில் போடுங்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஐந்து வயதுக்கும் அதையே வைத்துக்கொண்டால் கெட்டுப்போகாது.

வீட்டில் யாராவது வெற்றிலை போடுவார்கள் என்றால், சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். அழுத்தி விளையாடும்போது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். கண்டபடி வெந்துவிடும். அப்படி நடந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது கால்மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு ஓடுங்கள். விளக்குமாற்று ஈர்க்கில் வில் அம்பு செய்வதும் அப்படித்தான், கண்டால் வாங்கி ஒடித்துப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தச் சொட்டு மருந்து. உங்கள் பதிவில் எனக்கு மிகவும் பயம் கொடுத்த வரி அதுதான். வெயில் காலத்தில் கண் அரித்துக் கசக்குவது ஒவ்வாமையாக இருக்கலாம், நம் ஊரில் பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு நிறைய வரும். மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கும் மருந்து பல நேரம் ஸ்டீராய்டு. இரண்டு நாளில் கேட்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு போகும், புரையும் விழும். வலியே இருக்காது, தெரிந்தபின் திரும்பக் கொண்டுவர முடியாது. கசக்குவதையும் விட்டுவிடக் கூடாது, வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பிப் போகும். அரிக்கும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வையுங்கள். வெளியே போய் வந்ததும் முகம் கழுவ வையுங்கள்.

இன்றே அந்த பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசொலோன், இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா? மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் இனி அதை விட வேண்டாம். பையனைக் காட்டப் போகும்போது பாட்டிலையும் கையோடு கொண்டு போய், எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லி, கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலில் என்ன பெயர் இருந்தது என்று இங்கேயும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

பார்த்தேன் அம்மா. டெக்ஸாமெத்தசோன் என்றுதான் போட்டிருக்கிறது. மகளுக்குப் பார்த்த அதே மருத்துவரிடம் சனிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். பாட்டிலைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அழுத்தமும், மருந்து விட்டபின் பிளஸ் எவ்வளவு என்பதும் கேட்டு வந்து எழுதுகிறேன்.